நான் மண் மாற்றிய மீன்தொட்டி

ஒரு மீன்தொட்டிக்காக இன்னொரு பெண்மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நகைக்கோ புடவைக்கோ நான் யாரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டவள் இல்லை. பக்கத்து வீட்டில் கலர் டிவி வந்தபோதுகூட, "சேசுவே, அவங்களுக்காவது குடுத்தியே" என்றுதான் சொன்னேன். அப்படிப்பட்டவள் ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் கெட்டுப்போனேன்.

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், ரோட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்கினால் ஒரு தோட்ட வீடு. அதில் என் வீட்டுக்காரர் வாட்ச்மேன், நான் சமையல். வீட்டுக்குச் சொந்தக்காரர் காலேஜில் விலங்கியல் பாடம் எடுத்து ரிடையர் ஆன ஓர் அம்மா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். முடக்குவாதத்தில் அவருக்கு இரண்டு கை விரல்களும் மடங்கிப்போயிருந்தன. பேனா பிடிக்க முடியாது, தண்ணீருக்குள் கை விட முடியாது. ஆனால் கூடத்தில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருந்தார். விரல் நன்றாயிருந்த காலத்தில் அவரே வைத்தது. ஏழு மீன். அது தவிர, தண்ணீருக்குள் பூத்த பூ மாதிரி ஆடிக்கொண்டிருக்கும் ஒரு உயிர். அதை அம்மா கடல் சாமந்தி என்பார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களுக்கு அதுதான் வீடு. அதற்குள்தான் புகும், அதற்குள்தான் தூங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே அந்தத் தொட்டி என் கைக்கு வந்துவிட்டது. அன்றைக்கு அம்மா ஒரு கண்ணாடி மிதவையைக் கொடுத்து, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். நான் முன்பு வேலை பார்த்த உப்பளத்திலும் மேஸ்திரி அப்படி ஒன்று வைத்திருப்பார். நான் அதை வாங்குவதற்கு முன்னால் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "கரிப்பு கூட இருக்குதும்மா, சூட்டுக்கு தண்ணி சுண்டிப்போயிருக்குது, நல்ல தண்ணி ஒரு கொடம் ஊத்தணும்" என்றேன். அம்மா மிதவையைப் போட்டுப் பார்த்தார். நான் சொன்னதே சரி.

"ஏம்மா, உன் நாக்கு மீட்டரைவிட மேல இருக்கே!" என்று சிரித்தார்.

பதிமூன்று வயதிலிருந்து நான் தலையில் உப்புக்கூடை சுமந்தவள். பாதம் வெடித்து, கண் கூசி, கரையில் கொட்டிவிட்டு ஓடிவருவேன். 'சீக்கிரம் நட' என்று சொன்னவர்கள் உண்டு. நன்றாகச் செய்கிறாய் என்று ஒருவரும் சொன்னதில்லை. அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா படத்துக்கு முன்னால் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம், மீனுக்கு இரை போடுவதும், கண்ணாடியில் படியும் பாசியைத் துடைப்பதும், என் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுவரும் கடல்தண்ணீரை வடிகட்டி ஊற்றுவதும் நான்தான். வந்தவர்களிடமெல்லாம் அம்மா, "தொட்டியைப் பாத்துக்கறது இவதான்" என்பார். நான் உள்ளே காபி கலந்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

சுனாமி அலை வந்து போன பிறகுதான் அவள் வந்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். வீடு போய், வலை போய், அரசாங்கம் போட்டுக்கொடுத்த ஷெட்டில் குடியிருந்தார்கள். புருஷன் யாரோ ஒருவர் போட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். பாவம் என்று அம்மா பெருக்கித் துடைக்கிற வேலைக்கு வைத்தார். நானும் பாவம் என்றுதான் நினைத்தேன். என் பழைய புடவை இரண்டு கொடுத்தேன். முதல் வாரம் அவளுக்காக ஜெபமாலைகூடச் சொன்னேன்.

இரண்டாவது வாரம் அவள் தொட்டிக்குள் கை விட்டாள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், சும்மா விளையாட்டுக்கு விரலை உள்ளே விட்டாள். நான் கை விட்டால் மூலைக்கு ஓடுகிற மீன்கள் அவள் விரலைச் சுற்றி வந்தன. மஞ்சள் மீன் ஒன்று அவள் மோதிர விரலை முத்தமிடுகிற மாதிரி கொத்தியது. "அம்மா, இத பாருங்கம்மா! கூச்சமே இல்ல இதுக்கு!" என்று அவள் சத்தமாகச் சிரித்தாள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "உன் கை கடல் கை. அதுங்களுக்குத் தெரியுது" என்றார்.

என் நாக்கு உப்பு நாக்கு, அவள் கை கடல் கை. அன்றைக்கு ரசத்தில் நான் உப்பு போட மறந்தேன்.

அதற்கப்புறம் நான் எண்ண ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு அம்மா என்னை எத்தனை தடவை கூப்பிடுகிறார், அவளை எத்தனை தடவை. அவளுக்குப் பூப்போட்ட கப்பில் டீ, எனக்கு எவர்சில்வர் டம்ளர். டீ போட்டு ஊற்றுவதே நான்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் கரண்டியோடு வாசற்படி வரை வந்து நிற்பேன். ஜெபமாலை உருட்டும்போதும் மனம் அங்கேதான் கிடந்தது. ஒரு நாள் மாதாவிடம், "தாயே, அந்த மஞ்சள் மீனு அவ விரல ஒரே ஒரு தடவ நல்லா கடிக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வேண்டுதலைத் திரும்ப வாங்கவில்லை.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. அல்லது தெரிந்தும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க உப்பு இல்லன்னா எங்க மீனு நாறிப்பூடும்க்கா. நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கணும்."

"நாறட்டும்" என்றேன்.

"ஐய, காலைலயே இன்னா கோவம்!"

என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. "ஒரு தொட்டிக்கு ரெண்டு பொண்டாட்டியா? தாங்காதுடி" என்று கிண்டல் செய்தார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

ஆடி மாசம் தொட்டியின் மண்ணை மாற்ற வேண்டும் என்று அம்மா முடிவு செய்தார். அடியில் கிடந்தது உடைந்த பவளத்துண்டும் சிப்பியும் கலந்த பழைய மண். பல வருஷமாக அதிலேயே கிடந்து கறுத்துப்போயிருந்தது. குச்சியால் குத்தினால் முட்டை முட்டையாகக் காற்று வரும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். வெள்ளை வெளேரென்று மெல்லிசு மணல் இரண்டு மூட்டை சென்னையிலிருந்து வந்து இறங்கியது.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். "ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுக்கக் கூடாது. கால் பங்கு எடுக்கணும், அந்த இடத்துல புது மணல் போடணும், பத்து நாள் விடணும். அப்புறம்தான் அடுத்த கால் பங்கு. அந்தக் கறுப்பு மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு. மீனோட அழுக்கைத் தின்னு தண்ணியை நல்லா வச்சிருக்கறது அதுங்கதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "தயிருக்கு உறை வைக்கிற மாதிரி, இல்லம்மா? பழசு கொஞ்சம் கெடந்தாதான் புதுசு புடிக்கும்."

அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "முப்பது வருஷம் பாடம் எடுத்தேன். ஒரு பிள்ளைகூட இவ்வளவு அழகா சொன்னதில்லை" என்றார்.

அந்த வீட்டில் தினமும் பாலுக்கு உறை ஊற்றுகிறவள் நான். அவள் ஷெட்டில் பாலே கிடையாது. அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்க வேண்டியது.

மறுநாள் அம்மா கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்குப் புறப்பட்டார். இரண்டு வாரம் ஆகும் என்றார். காரில் ஏறும்போது, "ரெண்டு பேரும் சேந்து முதல் பங்கை மட்டும் மாத்துங்க. எனக்கு என்னமோ, இனிமே தொட்டியை அவகிட்ட விட்டுட்டு உன்னை அடுப்படியோட நிறுத்திடலாமான்னு இருக்கு. உனக்கும் வயசாகுது. வந்து பேசலாம்" என்றார். அம்மா அதை என்மேல் உள்ள கரிசனத்தில்தான் சொன்னார். எனக்கு நெஞ்சில் உலக்கை இறங்கின மாதிரி இருந்தது. தொட்டி போனால், நான் பழையபடி யாரும் பெயர் சொல்லிக் காட்டாத ஆள்.

இந்த இடத்தில் எங்கள் உப்பளத்து வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை ஓய்ந்ததும் பாத்தியில் தேங்கின தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் படிந்த கறுப்புச் சேற்றை வழித்து வரப்பில் போடுவோம். துளி விடக் கூடாது. அப்புறம் வரிசையாக நின்று வெறுங்காலால் மிதிப்போம். நாள் கணக்கில் மிதிமிதியென்று மிதித்தால் தரை சிமெண்டு மாதிரி இறுகும். அப்போதுதான் உப்பு வெள்ளையாக இறங்கும். அடியில் பழைய சேறு ஒரு பிடி இருந்தாலும் உப்பு கறுத்துவிடும், வியாபாரி காலால் எத்திவிட்டுப் போவான். அம்மா சொன்னதும் அவள் சொன்னதும் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அழுக்கை யாராவது வேண்டுமென்று விட்டுவைப்பார்களா? தொட்டி மொத்தத்தையும் நான் ஒருத்தியாகச் சுத்தம் செய்து, அம்மா வரும்போது கண்ணாடி மாதிரி நிறுத்த வேண்டும். புதுக் கண்ணோடு வந்து அவர் முதலில் பார்ப்பது அதுவாக இருக்க வேண்டும். அப்புறம் யார் தொட்டியை என்னிடமிருந்து வாங்குவார்கள்?

ஆடிக் கடைசி ஞாயிறு அவர்கள் குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அவள் லீவு. எங்கள் கோயிலில் ஆகஸ்ட் மாதா திருநாளுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. நான் காலைப் பூசை பார்த்து, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிவிட்டு, நேராக அந்த வேலைக்குத்தான் வந்தேன். இதை எழுதும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அம்மா வரட்டுமே, இன்னாத்துக்கு அவசரம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த டிரம்ம தூக்குங்க."

மீன்களையும் கடல் சாமந்தியையும் டிரம்மில் விட்டு, காற்றுக் குழாயைப் போட்டேன். தொட்டித் தண்ணீரில் பாதியைக் குடங்களில் பிடித்து வைத்தேன். கறுப்பு மண்ணைத் துளி விடாமல் வழித்தெடுத்துத் தென்னைமரத்தடியில் கொட்டினேன். வாளி வாளியாக நாற்றம். எனக்கு அது ஜெயித்த மாதிரி இருந்தது. புது மணலை நல்ல தண்ணீரில் ஏழு தரம் அலசினேன். தண்ணீரைச் சுத்தம் செய்கிற பெட்டியில் ஒரு ஸ்பாஞ்சு உண்டு. வழுவழுவென்று பழுப்பேறிக் கிடந்த அதைக் கல்லில் அடித்துப் புதுசாக ஆக்கினேன். மணலைப் பரப்பி, கால் வைக்க முடியாதே என்று உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினேன். பாத்தி மாதிரியே வந்தது. தண்ணீரை ஊற்றி, மீன்களையும் சாமந்தியையும் திரும்ப விட்டேன். சாயங்காலம் கலங்கல் தெளிந்து விளக்கைப் போட்டபோது அப்படி ஓர் அழகு. மீன்கள் வெள்ளைத் தரைக்கு மேல் நகை மாதிரி மின்னின.

திங்கட்கிழமை வந்தவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

"அக்கா, எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?"

"பாத்தா தெரியல?"

"பழைய மண்ணு?"

"தென்னைக்குப் போட்டாச்சு."

"அந்தப் பொட்டில இருந்த ஸ்பாஞ்சு?"

"அதையும் தொவைச்சாச்சு. பல்லு வெளக்கின மாதிரி இருக்குது பாரு."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "அழகாதான்க்கா இருக்குது" என்றாள், குரல் இறங்கி. அவளுக்கு வயிறு எரிகிறது என்று நினைத்தேன். அன்றைக்குச் சோறு எனக்கு நன்றாக இறங்கியது.

புதன்கிழமை காலையில் விளக்கைப் போட்டால், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மஞ்சள் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கடல் சாமந்தி ஈரத்துணியைப் பிழிந்து போட்ட மாதிரி சுருங்கியிருந்தது. நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான், அது ஒன்றும் சொல்லவில்லை.

மண்டி போட்டு வேண்டினேன். வேண்டிக்கொண்டே பொய்யும் தயார் செய்தேன். கரெண்டு போச்சு, மோட்டார் நின்றுபோச்சு. எங்கள் பக்கம் கரெண்டு போகாத நாள் உண்டா, யார் கேட்பார்கள்? அந்தப் பொய் உருப்படியாக வாயில் வந்து உட்கார்ந்த நேரத்தில் அவள் கேட்டைத் திறந்து வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏந்திரிங்கக்கா. கொடத்த எடுங்க."

கடலில் இடுப்பளவு இறங்கி, நுரைக்கு அப்பால் தெளிந்த இடத்தில் அவள் குடத்தை முக்கினாள். நான் சுமந்தேன். பாதித் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினோம். தென்னைக்குப் போட்ட மண் வெயிலில் காய்ந்து பொருபொருவென்று ஆகிவிட்டது. அதை விரலால் நொறுக்கிப் பார்த்துவிட்டு, அவள் முகத்துவாரம் வரை நடந்துபோய், தண்ணீருக்குள் கிடந்த சிப்பி ஒட்டின கற்களை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தாள். "இதுல ஒட்டிக்கினு இருக்கற உசுருங்களாவது புது மண்ணுல ஏறட்டும்" என்றாள். எட்டு நாள், தினமும் காலையிலும் மாலையிலும் இதே வேலை. எனக்குத் தோள் பழக்கம், சுமந்துவிட்டேன். ஆனால் அந்த எட்டு நாளும்கூட, தண்ணீரில் அவள் கை போகிற பதவிசைப் பார்த்து, இவளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று உள்ளே குமைந்துகொண்டேதான் சுமந்தேன். உதவி செய்கிறவள்மேல் வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதைப்போல அசிங்கம் வேறில்லை.

மூன்று மீன் செத்தது. கடல் சாமந்தியும் போய்விட்டது. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் பிழைத்தன. சாமந்தி இருந்த மூலையைவிட்டு நகராமல், வெறும் மணலுக்கு மேல் உடம்பை ஆட்டிக்கொண்டே நின்றன. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். பார்வை இன்னும் தெளியவில்லை. தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போடச் சொன்னார்.

"வெளிச்சமா இருக்கே, எல்லாமே மாத்திட்டீங்களா?" என்றார். அப்புறம் முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "சாமந்தி எங்கே?"

அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"நாங்க ரெண்டு பேரும்தாம்மா ஒரேயடியா மாத்திட்டோம். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு. தப்பு ஆயிப்போச்சு. மூணு மீனும் பூடுச்சும்மா."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். பாதித் தப்பு, பாதித் திட்டு, தொட்டியும் ஒருவேளை என்னிடமே இருந்திருக்கும்.

"அவ இல்லம்மா. நான்தான்" என்றேன். "அவ அன்னிக்கு லீவு. நீங்க சொன்னதயும் கேக்கல, அவ சொன்னதயும் கேக்கல. நான் ஒருத்தியாதான் வழிச்சிப் போட்டேன். மிச்சம் இருக்கறது அவளாலதான் இருக்குது."

நான் உண்மை சொன்னதைப் பிறகு பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்தே சொன்னேன். உண்மையைச் சொன்னது பாவமா என்று அவருக்குக் குழப்பமாக இருந்திருக்கும். கடவுளுக்குப் பயந்து நான் அதைச் சொல்லவில்லை. அவள் தயவில் நிற்க எனக்கு மனசில்லை, அதனால் சொன்னேன். மீனும் அவளிடம் வரும், வார்த்தையும் அவளுக்கு வரும், இப்போது நல்ல மனசும் அவளுடையதாகவே இருக்க வேண்டுமா? அதையாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், "ஏன் அப்படிச் செஞ்சே?" என்று கேட்டார்.

"நீங்க தொட்டிய அவகிட்ட குடுக்கறேன்னு சொன்னீங்கம்மா."

அம்மா மடங்கின விரல்களால் என் மணிக்கட்டைத் தொட்டார். எனக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது. ஆனால் அவர் படித்தவர், நிதானக்காரர். "உன்மேல எனக்குக் கோவம் இல்லை. ஆனா தொட்டியை இனிமே அவ பாத்துக்கட்டும்" என்றார்.

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தேன். களைந்த தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தேன்.

மாலையில் என் வீட்டுக்காரருக்குக் கேட்டில் டீ கொடுத்துவிட்டு நிற்கும்போது அவள் வேலை முடிந்து வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"கோவமாக்கா?"

"ஆமா."

"எம்மேலயா, அம்மா மேலயா?"

"உம்மேலதான்."

"நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான்."

அவள் சிரித்தாள். நக்கலாக இல்லை, உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. என் வீட்டுக்காரரும் டம்ளருக்குள் சிரித்தார்.

"எத்தினி நாளைக்கு இருக்கும்க்கா?"

"தெரியல."

"சரி, போனதும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சவுக்குத் தோப்பு வழியாகக் குப்பத்துப் பக்கம் நடந்தாள்.

அந்த வருஷம் முழுக்க, கோபம் போய்விட்டது என்று நான் அவளிடம் சொல்லவில்லை.